குரூஸ் கப்பலுக்குச் சொந்த ஒயின்: எத்தனை பாட்டில், எந்தப் பையில், என்ன செலவு

கல்யாண நாளுக்கென்று எடுத்துவைத்த ஒயினைக் கப்பலில் திறக்கலாம் என்று நினைத்தோம். டிக்கெட் விற்ற ஏஜென்ட் "அறைக்கு இரண்டு பாட்டில்" என்றார். முன்பு போய்வந்த நண்பர்கள் "பெட்டியில் போட்டு அனுப்பிவிடுங்கள், யாரும் பார்ப்பதில்லை" என்றார்கள். இரண்டுமே தவறு என்பது துறைமுகத்தில்தான் தெரிந்தது. சரியான தகவல் ஒரே இடத்தில் கிடைக்கவில்லை. கப்பல் நிறுவனத்தின் விதி ஓரிடம், விமான நிலையத்தின் விதி ஓரிடம், சுங்க விதி இன்னோரிடம் என்று தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது. முதல் முறை போகிறவர்கள் அந்த அலைச்சல் இல்லாமல் போகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கீழே உள்ளது பெரும்பாலும் அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து கரீபியன், மெக்சிகோ பக்கம் போகும் கப்பல்களுக்கானது. கால்வெஸ்டன், மயாமி போன்ற இடங்களிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு அப்படியே பொருந்தும். சிங்கப்பூர், சென்னை வாசகர்களுக்குக் கடைசியில் தனியாக எழுதியிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான நிறுவனங்கள் ஒயினை அனுமதிக்கத்தான் செய்கின்றன. பாட்டில் பறிபோவது அநேகமாக அது தவறான நேரத்தில் தவறான பையில் இருப்பதால்தான். எனவே ஒவ்வொரு கட்டத்திலும் பாட்டில் எந்தப் பையில் இருக்க வேண்டும் என்பதைக் கவனித்துப் படியுங்கள்.

1. உங்கள் நிறுவனத்தின் விதி என்ன?

எல்லாக் கப்பலுக்கும் ஒரே விதி கிடையாது. முக்கியமான சிலவற்றைச் சொல்கிறேன்.

கார்னிவல்: 21 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் 750 மில்லி ஒயின் அல்லது ஷாம்பெயின் பாட்டில் ஒன்று கொண்டுபோகலாம். ஏறும் நாளில் மட்டும், கையில் கொண்டுபோகும் பையில் மட்டும். கேபினில் குடித்தால் கட்டணம் இல்லை. சாப்பாட்டு அறைக்கோ பாருக்கோ கொண்டுபோய்த் திறந்தால் பாட்டிலுக்கு 15 டாலர். இதைத்தான் கார்க்கேஜ் கட்டணம் என்கிறார்கள்.

ராயல் கரீபியன்: மது அருந்தும் வயது வந்த ஒவ்வொருவருக்கும் 750 மில்லி பாட்டில் ஒன்று, ஏறும் நாளில் மட்டும். முன்பு கேபினுக்கு இரண்டு என்று இருந்தது. அந்தப் பழைய கணக்கை இன்னும் பலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தம்பதிக்கு இரண்டு கணக்கும் ஒன்றுதான். கேபினில் ஒருவர் மட்டும் போனாலோ மூன்று பெரியவர்கள் போனாலோதான் வித்தியாசம் தெரியும்.

பிரின்சஸ்: ஆளுக்கு ஒரு பாட்டில், கேபினில் குடித்தால் இலவசம். அதற்கு மேலும் கொண்டுவரலாம், ஆனால் கூடுதல் பாட்டில் ஒவ்வொன்றுக்கும் 20 டாலர். அதை எங்கே குடித்தாலும் இந்தக் கட்டணம் உண்டு.

நார்வீஜியன்: எத்தனை பாட்டில் வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். ஆனால் முதல் பாட்டிலிலிருந்தே கட்டணம் உண்டு. 750 மில்லிக்கு 15 டாலர், 1.5 லிட்டர் பெரிய பாட்டிலுக்கு 30 டாலர். கேபினில் குடித்தாலும் கட்ட வேண்டியதுதான்.

டிஸ்னி: 21 வயது வந்தவருக்கு இரண்டு ஒயின் பாட்டில், அல்லது ஆறு பீர். ஏறும் நாளில் மட்டுமல்ல, இடையில் கப்பல் நிற்கும் ஒவ்வொரு துறைமுகத்திலும் இதே அளவு கொண்டுவரலாம். சாப்பாட்டு மேஜையில் திறந்தால் பாட்டிலுக்கு 25 டாலருக்கு மேல் ஆகும். தாராளமான விதி, விலையுயர்ந்த மேஜை.

வைகிங்: தடையும் இல்லை, கட்டணமும் இல்லை. ஆனால் அது பெரியவர்களுக்கு மட்டுமான கப்பல், டிக்கெட் விலையும் அதற்கேற்றபடி இருக்கும்.

இந்த விதிகளும் தொகைகளும் அடிக்கடி மாறுகின்றன. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு உங்கள் நிறுவனத்தின் தளத்தில் மது பற்றிய பக்கத்தைத் திறந்து, தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் வாயால் சொன்னதைத் துறைமுகத்தில் யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

"ஒயின்" என்ற அனுமதிக்குள் வராதவை எவை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். விஸ்கி, ரம், வோட்கா எல்லாம் பெரும்பாலான பெரிய கப்பல்களில் கிடையாது. பீரும் அப்படித்தான் (டிஸ்னி விதிவிலக்கு). அட்டைப் பெட்டியில் வரும் ஒயின் கூடாது. ஆளுக்கு 750 மில்லி என்றிருக்கும் கப்பலுக்கு 1.5 லிட்டர் பாட்டிலைக் கொண்டுபோய் "இரண்டு பேருக்கும் சேர்த்து" என்று சொன்னால் எடுபடாது. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போட்ட திராட்சை ஒயினைக் கொண்டுபோகலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. அதுவும் கூடாது. ஆலையில் அடைத்த மூடி பிரிக்கப்படாமல் இருக்க வேண்டும் என்பதில் எல்லா நிறுவனமும் உறுதியாக இருக்கிறது.

2. கொண்டுபோவது லாபமா? முதலில் கணக்கு

சுமக்கும் முன் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கடையில் 14 டாலருக்கு வாங்கிய ஒயினைக் கார்னிவல் கப்பலின் சாப்பாட்டு அறையில் திறந்தால், 15 டாலர் கட்டணத்தோடு 29 டாலர் ஆகிறது. கப்பலின் பட்டியலில் இருக்கும் விலை குறைந்த ஒயின் 40 டாலரை ஒட்டி இருக்கும். அதோடு 18 முதல் 20 சதவீதம் சேவைக் கட்டணம் தானாகவே சேரும். மிச்சம் சுமார் 20 டாலர். அதற்காக ஒன்றரைக் கிலோ கண்ணாடியை விமானம் ஏற்றி இறக்க வேண்டுமா என்பது உங்கள் விருப்பம்.

அதே 14 டாலர் ஒயினைக் கேபின் பால்கனியில் உட்கார்ந்து குடித்தால் செலவு 14 டாலர்தான். அங்கே லாபம் தெளிவாகத் தெரியும். அதேபோல் கடையில் 35, 40 டாலருக்குக் கிடைக்கும் நல்ல ஒயினுக்கும் கட்டணம் அதே 15 டாலர்தான். கப்பலில் அந்தத் தரத்து ஒயின் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ விலை இருக்கும். ஆகவே என் கருத்து இது: கேபினில் குடிப்பதற்குச் சாதாரண ஒயின், மேஜைக்குக் கொண்டுபோவதாக இருந்தால் நல்ல ஒயின். சாதாரண ஒயினுக்குக் கார்க்கேஜ் கட்டுவது வீண்.

டிரிங்க்ஸ் பேக்கேஜ் (நாளுக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கட்டிவிட்டுக் கப்பலில் மது குடிக்கும் ஏற்பாடு) வாங்கலாமா என்ற கேள்வியும் இங்கேதான் வரும். கார்னிவலிலும் ராயல் கரீபியனிலும் ஒருவர் மதுப் பேக்கேஜ் வாங்கினால் அதே கேபினில் உள்ள மற்ற பெரியவர்களும் வாங்கியாக வேண்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 60 டாலருக்குக் குறைவாகக் கிடைப்பது அரிது. நம் குடும்பங்களில் பெரும்பாலும் ஒருவர் இரவுச் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் குடிப்பார், மற்றவர் தொடவே மாட்டார். அவர்களுக்கு ஐந்து நாள் பேக்கேஜ் என்றால் 600 டாலரைக் கடலில் போட்ட மாதிரிதான். இரண்டு பாட்டில் ஒயின் ஐந்து இரவுக்குத் தாராளமாகப் போதும்.

3. எத்தனை பேருக்கு எத்தனை பாட்டில்?

அமெரிக்காவிலிருந்து கிளம்பும் கப்பல்களில் வயது வரம்பு 21. கல்லூரியில் படிக்கும் 19 வயது மகனின் பெயரில் பாட்டில் கிடையாது. அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள் என்றால் இரண்டு பாட்டில்தான்.

குடிக்காதவரும் தன் பங்கைக் கொண்டுபோகலாம். விதி ஆளுக்கு ஒன்று என்றுதான் சொல்கிறது, அவர் குடிப்பாரா என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவின் பையில் அவர்களுக்குச் சொல்லாமல் ஒரு பாட்டிலை வைத்துவிடாதீர்கள். எக்ஸ்ரேயில் பை நின்றதும் அதிகாரி அவர்களிடம்தான் ஆங்கிலத்தில் கேள்வி கேட்பார். வாழ்நாளில் மதுக்கடைப் பக்கம் போகாத அம்மாவுக்கு அது பெரிய சங்கடம். கேட்டுவிட்டு, அவர்கள் சம்மதித்தால் மட்டும் வையுங்கள். வைத்தால் வரிசையில் அவர்களுக்குப் பின்னாலேயே நில்லுங்கள்.

4. எதை, எங்கே, எப்போது வாங்குவது?

விமானத்தில் போகிறவர்கள் முடிந்தால் துறைமுக ஊரிலேயே வாங்குங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். ஆனால் நாள், கிழமை பார்க்க வேண்டும்.

டெக்சஸில் மதுக்கடைகள் ஞாயிற்றுக்கிழமை திறப்பதே இல்லை. பலசரக்குக் கடைகளில் ஒயின் கிடைக்கும், ஆனால் ஞாயிறு காலை 10 மணிக்குப் பிறகுதான் விற்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கால்வெஸ்டனில் கப்பல் ஏறுகிறவர்கள் "போகிற வழியில் வாங்கிக்கொள்ளலாம்" என்று நினைத்தால், 10 மணிக்குள் வரச்சொன்ன டெர்மினல் நேரமும் கடை நேரமும் ஒத்துப்போகாது. சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். நியூயார்க்கில் வேறு சிக்கல். அங்கே சூப்பர்மார்க்கெட்டில் பீர் இருக்கும், ஒயின் இருக்காது. ஒயின் கடையைத் தேடிப் போக வேண்டும்.

திருகு மூடி உள்ள பாட்டில் வாங்குங்கள் என்பது என் முதல் யோசனை. கார்க் திருகி தேட வேண்டியதில்லை, மிச்சத்தை மூடிவைக்கலாம், கப்பல் ஆடினாலும் சிந்தாது. நல்ல ஒயின்கள் எத்தனையோ இப்போது திருகு மூடியில் வருகின்றன. ஷாம்பெயின் வகைகள் கனமான கண்ணாடியில் வருபவை. திறந்தால் அன்றே முடித்தாக வேண்டும். நான்கு பேர் சேர்ந்து கிளம்பும் மாலையில் பால்கனியில் திறப்பதற்கு அது சரி. இரண்டு பேர் மூன்று இரவுக்கு வைத்துக் குடிப்பதற்குச் சரிப்படாது.

சாப்பாட்டையும் யோசியுங்கள். பல கப்பல்களின் சாப்பாட்டு அறையில் சொல்லிவைத்தால் இந்திய சைவ உணவு தனியாகச் செய்து தருவார்கள். காரமான குழம்புக்கும் கனமான சிவப்பு ஒயினுக்கும் ஒத்துவராது. காரம் கூடுதலாகத் தெரியும், ஒயின் கசக்கும். லேசான இனிப்புள்ள ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினோ, ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயினோ நன்றாகச் சேரும். குளிரவைத்துக் குடிக்கும் வகை என்பதால் கரீபியன் வெயிலுக்கும் அதுதான் பொருத்தம்.

வாங்கிய பாட்டிலைக் காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். ஹூஸ்டன் கோடையில் மூடிய காருக்குள் ஒரு மணி நேரம் இருந்தால் நல்ல ஒயின் வெந்துபோகும், கார்க் வெளியே தள்ளும்.

5. விமானத்தில்: செக்-இன் பெட்டிக்குள்

அமெரிக்க விமான நிலையப் பாதுகாப்பில் 100 மில்லிக்கு மேல் எந்தத் திரவமும் கைப்பையில் போக முடியாது. ஆகவே முழு பாட்டில் செக்-இன் செய்யும் பெட்டியில்தான் போக வேண்டும். ஆல்கஹால் 24 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் அளவுக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. ஒயின் 12 முதல் 15 சதவீதம்தான், அதனால் பயமில்லை. எடைதான் பிரச்சினை. ஒரு பாட்டில் ஒன்றேகால் முதல் ஒன்றரைக் கிலோ இருக்கும். உள்நாட்டு விமானங்களில் பெட்டிக்கு 23 கிலோ வரைதான். அதைத் தாண்டினால் கட்டும் கூடுதல் கட்டணத்தில் கப்பலிலேயே ஒயின் வாங்கிவிடலாம்.

கட்டும் முறை இப்படி. பாட்டிலைப் பெரிய ஜிப்லாக் கவரில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். அதன் மேல் இன்னொரு கவர். அதை ஒரு தடித்த துண்டில் சுற்றி, ஜீன்ஸ் கால் ஒன்றுக்குள் நுழைத்து மடக்குங்கள். பெட்டியின் நடுவில், நான்கு பக்கமும் துணி இருக்கும்படி படுக்கவையுங்கள். சக்கரம் இருக்கும் பக்கம் வைக்கக் கூடாது, அடி முழுவதும் அங்கேதான் விழும். இரண்டு பாட்டில் என்றால் ஒன்றையொன்று தொடாமல் நடுவில் ஒரு போர்வையாவது இருக்கட்டும். உடைந்தால் நஷ்டம் ஒயின் மட்டுமல்ல. சிவப்பு ஒயினில் ஊறிய பட்டுப்புடவையை எந்த லாண்டரியாலும் மீட்க முடியாது. புடவை இருக்கும் பெட்டியில் ஒயினை வைக்கவே வைக்காதீர்கள்.

இந்தியாவிலிருந்து நேராக வந்து கப்பல் ஏறுகிறவர்களுக்கு: 21 வயது வந்தவர் ஒரு லிட்டர் வரை மதுவைத் தீர்வை இல்லாமல் அமெரிக்காவுக்குள் கொண்டுவரலாம். ஒரு ஒயின் பாட்டில் அதற்குள் அடங்கிவிடும். டூட்டி ஃப்ரீயில் வாங்கிக் கையில் கொண்டுவந்தால், அமெரிக்காவில் இறங்கும் முதல் நிலையத்தில் பெட்டியைத் திரும்ப ஒப்படைக்கும் முன் பாட்டிலை அதற்குள் வைத்துவிடுங்கள். அடுத்த உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி பாதுகாப்புச் சோதனை உண்டு. அங்கே கையில் முழு பாட்டிலோடு நிற்பது வேண்டாத தலைவலி.

6. துறைமுகத்துக்கு முன்: கைப்பைக்கு மாற்றுங்கள்

மிக அதிகமாகச் சறுக்கும் இடம் இதுதான். விமானத்தில் பெட்டிக்குள் இருந்தே ஆக வேண்டிய பாட்டில், கப்பலில் கைப்பைக்குள் இருந்தே ஆக வேண்டும். இரண்டு விதியும் நேர் எதிர்.

டெர்மினல் வாசலில் கார் நின்றதும் போர்ட்டர்கள் பெட்டிகளை வாங்கித் தள்ளுவண்டியில் அடுக்கிவிடுவார்கள். அந்த அவசரத்தில் பெட்டியைத் திறந்து பாட்டிலைத் தேட முடியாது. முதல் நாள் இரவு ஓட்டல் அறையிலேயே மாற்றிவிடுங்கள். கைப்பையில் பாட்டில் நிமிர்ந்து நிற்கும்படி வைத்துச் சுற்றிலும் ஒரு மாற்று உடை. மருந்து, பாஸ்போர்ட், சார்ஜர் எல்லாம் அதே பையில் இருப்பதால் எடை கூடிவிடும். தோளில் மாட்டும் பையைவிடச் சக்கரம் வைத்த சிறு பெட்டி நல்லது. டெர்மினலுக்குள் வரிசை நீளம்.

போர்ட்டரிடம் போன பெட்டியில் பாட்டில் இருந்தால் என்ன ஆகும்? எக்ஸ்ரேயில் தெரியும், பெட்டி நிறுத்தப்படும். மற்றவர்களின் பெட்டிகள் மாலைக்குள் கேபின் வாசலுக்கு வந்துவிடும், உங்களுடையது வராது. கீழ்த்தளத்தில் செக்யூரிட்டி அறைக்குப் போய் வரிசையில் நின்று, அவர்கள் முன்னால் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். முதல் இரவுச் சாப்பாட்டுக்கு மாற்று உடையும் அந்தப் பெட்டியில்தான் இருக்கும். அனுமதிக்கப்பட்ட ஒயின்தானே என்று பாட்டிலைத் திருப்பித் தருவதும், தராமல் எடுத்துவைப்பதும் அந்த நிறுவனத்தையும் அதிகாரியையும் பொறுத்தது.

போர்ட்டருக்குப் பெட்டிக்கு ஓரிரு டாலர் கொடுப்பது வழக்கம். சில்லறை நோட்டுகளைக் காரிலேயே தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

7. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

வயது காட்டும் அடையாளம்: பாஸ்போர்ட் போதும், எப்படியும் கப்பல் ஏறக் காட்டத்தான் போகிறீர்கள். எக்ஸ்ரே மேஜையிலும் கேட்கலாம் என்பதால் பையின் அடியில் தள்ளிவிடாதீர்கள்.

கப்பலின் போர்டிங் பாஸ்: அச்சிட்டோ கைபேசியிலோ. டெர்மினலுக்குள் இணையம் தடுமாறும், முன்பே சேமித்துவையுங்கள்.

விதிப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்: வாக்குவாதம் செய்வதற்கல்ல. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பணியாளருக்குச் சந்தேகம் வந்தால் அமைதியாகக் காட்டலாம்.

ஒயின் வாங்கிய ரசீது: இதைப் பலர் எறிந்துவிடுகிறார்கள். திறக்காத பாட்டிலைத் திரும்பக் கொண்டுவர நேர்ந்தால், அது அமெரிக்காவிலேயே வாங்கியது என்று காட்ட ரசீதுதான் ஆதாரம். கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டாலும் சரி.

8. எக்ஸ்ரே மேஜையில்

பை உள்ளே போகும் முன்பே "இதில் ஒரு ஒயின் பாட்டில் இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். வெளியே எடுக்கச் சொன்னால் எடுங்கள். அதிகாரி பார்ப்பது மூன்று: மூடி பிரிக்கப்படாமல் இருக்கிறதா, லேபிளில் 750 மில்லி என்று இருக்கிறதா, ஆளுக்கு எத்தனை. கட்டணம் வாங்கும் கப்பல்களில் பக்கத்தில் ஒரு மேஜை இருக்கும். அங்கே உங்கள் கணக்கில் தொகையை ஏற்றிவிட்டுப் பாட்டிலைத் தருவார்கள். சில நிமிட வேலை.

எண்ணிக்கைக்கு மேல் இருந்தால் எடுத்துக்கொள்வார்கள். சில நிறுவனங்கள் கடைசி நாள் வரை வைத்திருந்து தருகின்றன. கார்னிவல் போன்றவை கொட்டிவிடும், ஈடும் கிடையாது. அதனால் "கேட்டால் கொடுத்துவிடலாம்" என்று விலையுயர்ந்த கூடுதல் பாட்டிலைக் கொண்டுபோகாதீர்கள்.

தண்ணீர் பாட்டிலிலும் ஷாம்பு பாட்டிலிலும் மதுவை ஊற்றிக் கொண்டுபோகும் யோசனைகளை யாராவது சொல்வார்கள். வேண்டாம். திரவ பாட்டில்களைத் திறந்து முகர்ந்து பார்க்கும் வழக்கம் உண்டு. பிடிபட்டால் கப்பலில் ஏற்றாமலே விடும் உரிமை நிறுவனத்துக்கு இருக்கிறது. விசாவில் இருக்கும் நமக்கு இந்த விளையாட்டே தேவையில்லை.

9. கப்பலுக்குள் திறப்பதும் பரிமாறுவதும்

கேபினில் கார்க் திருகி இருக்காது. கேபின் பணியாளரிடம் கேட்டால் கொண்டுவருவார், அல்லது பாரில் திறந்து தருவார்கள். ஒயின் கிளாஸும் அப்படியே. நீங்களே கொண்டுபோவதாக இருந்தால், கத்தி இல்லாத எளிய திருகியை வாங்குங்கள். அது விமானக் கைப்பையிலும் போகும், கப்பல் சோதனையிலும் நிற்காது.

கேபினில் உள்ள சிறு பெட்டி குளிர்சாதனப்பெட்டி மாதிரி தெரியும், ஆனால் பெரும்பாலும் லேசாகத்தான் குளிரும். வெள்ளை ஒயினோ ரோஸேயோ என்றால் ஒரு வாளி ஐஸ் கேளுங்கள். பாதி ஐஸ், பாதித் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் பாட்டிலைக் கழுத்துவரை அமிழ்த்திவைத்தால் போதும். வெறும் ஐஸில் நட்டுவைத்தால் அவ்வளவு சீக்கிரம் குளிராது.

சாப்பாட்டு அறைக்குக் கொண்டுபோகிற நாளில், மேஜையில் உட்கார்ந்ததும் வெயிட்டரிடம் பாட்டிலைக் கொடுத்துக் கட்டணம் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். திறந்த பிறகு கேட்பதில் பயனில்லை. ஒரே இரவில் முடிக்க வேண்டியதில்லை. மிச்சத்தைக் கார்க் போட்டு, கழுத்தில் உங்கள் கேபின் எண் எழுதிய சீட்டைக் கட்டி உள்ளே வைத்துக்கொள்வார்கள். மறுநாள் நீங்கள் உட்கார்ந்ததும் அதே பாட்டில் மேஜைக்கு வரும். கட்டணம் ஒரு முறைதான். இதனாலேயே கார்க்கேஜ் கட்டுவதாக இருந்தால் முதல் இரவிலேயே கட்டி, இரண்டு மூன்று இரவுக்குப் பயன்படுத்துங்கள்.

நீச்சல்குளத் தளத்துக்குக் கண்ணாடி எதையும் கொண்டுபோகக் கூடாது. பாட்டிலும் கிளாஸும் கேபினோடு, பால்கனியோடு இருக்கட்டும்.

10. வழியில் வாங்கும் பாட்டில்கள்

மெக்சிகோவின் கோசுமெல் போன்ற இடங்களில் இறங்கி மது வாங்கினால், கப்பலுக்குத் திரும்பும் வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ரசீது தருவார்கள், பத்திரமாக வையுங்கள். கப்பல் கடையிலேயே வாங்கினாலும் இதேதான். கடைசி இரவு கேபினுக்கு வரும், அல்லது குறிப்பிட்ட இடத்தில் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். "வாங்கியதை இன்றிரவே குடிக்கலாம்" என்று நினைத்து வாங்காதீர்கள். டிஸ்னியும் வைகிங்கும் இதில் தளர்வானவை.

11. இறங்கும் நாளில்

அமெரிக்கச் சுங்கத்தில் பொதுவாக 21 வயது வந்தவருக்கு ஒரு லிட்டர் வரை தீர்வை இல்லை. கூடுதலாக இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஒயினுக்குத் தீர்வை சொற்பம்தான், மறைத்ததாகப் பிடிபட்டால்தான் தொல்லை.

கால்வெஸ்டனில் இன்னொரு மேஜை உண்டு, அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. டெக்சஸ் மதுபான ஆணையத்தின் ஆட்கள் அங்கே நின்று, வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு மது பாட்டிலுக்கும் மாநில வரி வசூலிப்பார்கள். டூட்டி ஃப்ரீ என்று வாங்கியதற்கும் இது உண்டு. பாட்டிலுக்குச் சில டாலர்தான், ஆனால் வரிசை நிற்கும் நேரத்தைக் கணக்கில் வைத்து விமான டிக்கெட் போடுங்கள். டெக்சஸில் வாங்கிக் கொண்டுபோய்த் திறக்காமல் திரும்பிய பாட்டிலுக்கு, ஏழாவது படியில் சொன்ன ரசீதை இங்கே காட்டுங்கள்.

அப்புறம் விமான நிலையம் போகும் முன் பாட்டிலை மறுபடி செக்-இன் பெட்டிக்கு மாற்ற வேண்டும். கப்பலில் கடைசி இரவு பெட்டிகளை வாசலில் வைக்கச் சொல்வார்கள். அதில் பாட்டிலை நன்றாகக் கட்டி வைத்துவிட்டால் மறுநாள் வேலை மிச்சம்.

12. சிங்கப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும்

சிங்கப்பூர் மரீனா பே துறைமுகத்திலிருந்து ராயல் கரீபியனில் போகிறவர்களுக்கு வயது வரம்பு 18. பாட்டில் கணக்கு அதேதான், ஆளுக்கு ஒன்று, ஏறும் நாளில், கைப்பையில். சென்னையிலிருந்து விமானத்தில் போய்க் கப்பல் ஏறுகிறவர்கள் சிங்கப்பூருக்குள் 2 லிட்டர் ஒயின் வரை தீர்வை இல்லாமல் கொண்டுபோகலாம்.

திரும்பி வரும்போதுதான் கவனம் தேவை. சிங்கப்பூருக்கு வெளியே 48 மணி நேரமாவது இருந்திருக்க வேண்டும், மலேசியாவிலிருந்து வரக் கூடாது. இந்த இரண்டும் இருந்தால்தான் அந்தச் சலுகை. தாய்லாந்தின் ஃபுக்கெட்டில் கடைசியாக நின்று திரும்பும் கப்பலுக்கும், மலேசியாவின் போர்ட் கிளாங்கில் கடைசியாக நின்று திரும்பும் கப்பலுக்கும் அதனால் கணக்கு வேறு. டிக்கெட்டில் கடைசித் துறைமுகம் எது என்று பார்த்துவிட்டுப் பாட்டில் வாங்குங்கள். அங்கிருந்து சென்னைக்குத் திரும்பும்போது இந்தியச் சுங்கத்தில் ஆளுக்கு 2 லிட்டர் வரை சலுகை உண்டு.

இந்தியத் துறைமுகங்களிலிருந்து ஓடும் கார்டிலியா கப்பலில் வெளியிலிருந்து மது கொண்டுவர அனுமதி கிடையாது, ஒயினும் சேர்த்துத்தான். அந்தக் கப்பலுக்கு டிக்கெட் போட்டிருந்தால் பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.